ஆமைக்குக் கண் வீங்கினால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்

"நாலு நாளா சாப்பிடல டாக்டர், கண்ணையே திறக்க மாட்டேங்குது." சிகிச்சைக்கு வரும் செங்காது ஆமைகளில் (கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள, தொட்டியில் வளர்க்கும் ஆமை) பெரும்பாலானவை இந்தப் புகாரோடுதான் வருகின்றன. வந்து சேர்வதற்குள் நமக்கான சொட்டு மருந்து அதன் கண்ணில் விழுந்திருக்கும், ஓட்டில் மஞ்சள் அப்பியிருக்கும். ஆமை தன் நோயை வாரக்கணக்கில் வெளியே காட்டாது. நம் கண்ணில் படும்போது பாதி முற்றியிருக்கும்.

அதற்கு முதலில் தேவை மருந்தல்ல, வெப்பம். ஆமையின் உடல்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் தொட்டி இருந்தால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும், கொடுக்கும் மருந்தும் சரியாக வேலை செய்யாது. நோயுற்ற ஆமைக்குத் தண்ணீர் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். ஏறி உட்காரும் மேடை 30 முதல் 32 வரை. கையை விட்டுப் பார்த்தால் போதாது, தெர்மாமீட்டர் வையுங்கள். வெயில் காட்டுகிறேன் என்று நண்பகலில் பிளாஸ்டிக் டப்பாவோடு மொட்டைமாடியில் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் கொதித்து ஆமை செத்துவிடும். காலை வெயில் அரை மணி நேரம் போதும், ஒதுங்க நிழலும் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனில்லை, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கண் வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் வைட்டமின் ஏ குறைவு. மாதக்கணக்கில் காய்ந்த இறால் மட்டுமே தின்ற ஆமைகளுக்கு இது வருகிறது. கண் சுரப்பிகள் தடித்து அடைத்துக்கொள்ள, இமை உப்பிவிடும். ஆமையின் சீழ் தண்ணீராக வடியாது. பாலாடைக்கட்டிபோல் இறுகி நிற்கும். அதனால் சொட்டு மருந்து உள்ளே போகாது, சுரண்டினால் கருவிழியின் மேலுள்ள படலம் புண்ணாகும். பார்வை மறைந்ததால்தான் அது சாப்பிடவில்லை. மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று இன்னும் பரவும். வைட்டமின் ஏ ஊசியும் அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும். மருத்துவர் எடை பார்த்துத்தான் போட வேண்டும். தேறியபின் நல்ல ஆமைத் தீனியோடு கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை கொடுங்கள்.

ஒரு பக்கம் சாய்ந்தே மிதக்கிறது, மூக்கில் குமிழி வருகிறது, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் நிமோனியாவாக இருக்கலாம். ஆமைக்கு உதரவிதானம், அதாவது நுரையீரலுக்குக் கீழிருக்கும் தசைத் திரை, இல்லை; சளியை இருமி வெளியே தள்ள முடியாது. தொட்டித் தண்ணீரை ஓட்டின் உயரத்துக்குக் குறைத்துவிட்டு அன்றைக்கே கிளம்புங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி சில வாரங்கள்கூட நீளலாம். சாப்பிட ஆரம்பித்ததும் பாதியில் நிறுத்துபவர்களின் ஆமைதான் திரும்பவும் வரும்.

பால்கனியிலிருந்து விழுந்தோ நாய் கடித்தோ ஓடு விரிசல் விட்டால் வீட்டிலேயே ஒட்ட வேண்டாம். ஓடு வெறும் மூடியல்ல. உயிருள்ள எலும்பு, முதுகெலும்பும் விலாவும் அதோடு இணைந்தவை, வலியும் தெரியும். ஃபெவிக்விக்கோ எம்-சீலோ வைத்து அடைத்தால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியால் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். விரிசல் மேலோட்டமானது என்றால் நார்மல் சலைனால் கழுவலாம். சலைன் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. அப்புறம் 10 சதவீத பொவிடோன் அயோடினை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, வெளிறிய டீ நிறத்தில், விரிசலைச் சுற்றி மட்டும் தடவுங்கள். உள்ளே சவ்வோ குமிழியோ தெரிந்தால் எதையும் ஊற்றாதீர்கள். சலைனில் நனைத்த காஸால் மூடிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவர் பார்க்கும்வரை ஆமை தண்ணீருக்கு வெளியே, துணி விரித்த டப்பாவில் இருக்கட்டும். மேலே கொசுவலை கட்டாயம்: காயத்தில் ஈ முட்டையிட்டால் மறுநாளே புழு நெளியும். சிறு விரிசல் என்றால், தினமும் அரை மணி நேரம் விரிசலுக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீரில் விட்டால் குடித்துக்கொள்ளும். விரிந்த ஓடு ஒன்றுசேர மாதங்கள் ஆகும்.

நாய்க்குப் போடும் பூச்சி மருந்தில் ஐவர்மெக்டின் இருக்கிறதா என்று பாருங்கள். ஆமைக்கு அது விஷம், ஒரு துளியும் கூடாது.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் நிரப்பிய வாளியில் வேண்டாம், சோர்ந்த ஆமை மூழ்கிவிடும். காற்றோட்டத் துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி போதும். தொட்டியையும் தீனிப் பாக்கெட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கையை சோப்பால் கழுவுங்கள், டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆரோக்கியமான ஆமையிடமும் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். உங்களிடம் இருப்பது மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரியும் கட்டாமை என்றால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். செங்காது ஆமை வேண்டாமென்றாகிவிட்டால் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள், உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.