ஊசி போட்ட பிள்ளைக்கும் கொப்பளிப்பான் வருமா?

வரும். ஆனால் பார்க்க அது வழக்கமான கொப்பளிப்பான் (சின்னம்மை) மாதிரி இருக்காது. சிக்கலே அதுதான்.

இலங்கையின் தேசிய தடுப்பூசி அட்டவணையில் கொப்பளிப்பான் தடுப்பூசி இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் திருகோணமலையில் பல வீடுகளில் ஊசி போடாத பிள்ளைகளும், ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்து நிற்கும் ஊசி போட்ட பிள்ளைகளும் ஒன்றாக விளையாடுகிறார்கள்.

ஊசி போடாத பிள்ளைக்கு வந்தால் குழப்பம் குறைவு. காய்ச்சலோடு முகம், நெஞ்சு, முதுகு, தலைமயிருக்குள் என்று நூற்றுக்கணக்கில் போடும். சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அம்மம்மாவே 'அம்மாள் வருத்தம்' என்று சொல்லி வேப்பிலை கட்டிவிடுவார்.

ஊசி போட்டு 42 நாட்களுக்குப் பிறகு தொற்றினால் பெரும்பாலும் 50க்கும் குறைவான புள்ளிகளே. நீர் கோர்க்காமல் தடித்த சிவப்பாகவே மங்கிவிடும். காய்ச்சலும் லேசு, அல்லது இல்லை. நுளம்புக் கடி என்று முன்பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சட்டையைக் கழற்றிப் பாருங்கள். நுளம்பு திறந்திருக்கும் கையிலும் காலிலும்தான் கூடுதலாகக் கடிக்கும். மயிருக்குள்ளும் நெஞ்சிலும் புள்ளி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்ப்புண் என்றால் கை-கால்-வாய் நோய். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரித்து, வீட்டிலே மற்றவருக்கும் அரித்தால் சிரங்கு. பிறகு இரண்டு கேள்வி: ஊசி எந்தத் திகதியில், எத்தனை டோஸ்? கடந்த 10 முதல் 21 நாட்களுக்குள் கொப்பளிப்பானோ அக்கியோ உள்ளவரோடு பழகினாரா? அக்கியும் அதே வைரஸ்தான், பலர் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

எல்லாருக்கும் பரிசோதனை தேவையில்லை. வீட்டில் கர்ப்பிணியோ, பச்சைக்குழந்தையோ, புற்றுநோய் மருந்து எடுப்பவரோ இருந்தால், புள்ளியிலிருந்து மாதிரி எடுத்து வைரஸைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்வது நல்லது. உலர்ந்த பொருக்கு இருந்தால் அதுவே சிறந்த மாதிரி. நீரில்லாத புள்ளியை வெறுமனே துடைத்தெடுத்தால் வைரஸ் கிடைக்காது, மேல்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரத்தத்தில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பதை நம்ப முடியாது; ஊசி போட்டவர்களில் அது உயராமலே போகலாம், 'இல்லை' என்ற முடிவு ஏமாற்றிவிடும்.

'பொருக்கு உதிரும்வரை வீட்டில் வையுங்கள்' என்ற பழைய அறிவுரையும் ஊசி போட்ட பிள்ளைக்கு உதவாது, பல புள்ளிகள் பொருக்கே கட்டாதே. 24 மணி நேரம் புதுப் புள்ளி எதுவும் போடாமல் இருந்தால் அனுப்பலாம். சாதாரண கொப்பளிப்பானுக்கு எல்லாமே பொருக்காக வேண்டும். உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. டிஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் வேண்டாம். வளர்ந்தவருக்கு வந்தால் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் புள்ளி போட்ட முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வேப்பிலை கட்டிக்கொண்டே வைத்தியரிடம் வரலாம், கோயில் குளிப்பு முடியட்டும் என்று இருந்தால் அந்த நேரம் போய்விடும். கொப்பளிப்பான் வராத, ஊசியும் போடாத கர்ப்பிணி அந்தப் பிள்ளையோடு இருந்திருந்தால், தனக்குப் புள்ளி போடும்வரை காத்திராமல் அன்றே மகப்பேற்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி, அந்தப் பிள்ளையோடு பழகி 10 நாட்களுக்குள் போட வேண்டியது.