இடிந்த மலைக்குள் ஒரு வகுப்பு

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் ஒரு எரிமலையாவது இருக்கும். களிமண் கூம்பு, உள்ளே ஆப்ப சோடா, மேலே வினிகர், கொஞ்சம் சிவப்புச் சாயம். நுரை பொங்கி வழியும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் எரிமலை அப்படி வெடிப்பதில்லை. இரண்டு பொருள்கள் சேர்ந்து அங்கே புதிதாக வாயு உண்டாவதில்லை. நீரும் கார்பன் டை ஆக்ஸைடும் கந்தகமும் கற்குழம்பில் ஏற்கெனவே கரைந்திருக்கின்றன. ஆழத்தில் உள்ள அழுத்தம் அவற்றைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்ததும் குமிழிகளாகப் பிரிந்து விரிகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலின் மூடியைத் திறப்பதுதான் இதற்குச் சரியான மாதிரி.

இதை ஆசிரியருக்கு ஒரு படம் போட்டும் விளக்கலாம். ஆனால் மூடி திறந்த இடத்துக்கே கூட்டிப்போய் நிறுத்தினால் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், செயின்ட் ஹெலன்ஸ் என்ற எரிமலையில் அது சாத்தியமாகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் காஸ்கேட்ஸ் எரிமலை ஆய்வகமும், மவுண்ட் செயின்ட் ஹெலன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற தொண்டு அமைப்பும் அங்கே பள்ளி ஆசிரியர்களுக்குக் களப்பயிற்சி அளித்து வருகின்றன.

1980 மார்ச்சில் நிலநடுக்கங்களோடு அந்த மலை விழித்தது. உள்ளே ஏறிய கற்குழம்பு வெளியே வர வழியில்லாமல் வடக்குச் சரிவைத் தள்ளியது. அந்தப் பக்கம் நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் புடைத்துக்கொண்டே போனது. மே 18 காலை 8.32 மணிக்கு 5.1 அளவில் ஒரு நிலநடுக்கம். சில நொடிகளில் வடக்குச் சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கியது. சரிந்தது சுமார் 2.5 கன கிலோமீட்டர் மலை. மேலே இருந்த பாரம் போனதும், கரைந்திருந்த வாயு ஒரே வீச்சில் பிரிந்து, மலை பக்கவாட்டில் வெடித்தது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 57 பேர் இறந்தார்கள். சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருந்து மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த எரிமலை ஆய்வாளர் டேவிட் ஜான்ஸ்டனும் அவர்களில் ஒருவர்.

சரிந்து வந்த மலை இன்றும் பள்ளத்தாக்கில்தான் கிடக்கிறது, அதற்குள் நடந்து போகலாம். ஹம்மாக்ஸ் பாதை என்று பெயர். சுற்றி வர சுமார் 4 கிலோமீட்டர். வழியெங்கும் சிறு குன்றுகள், நடுநடுவே குளங்கள், ஆல்டர் மரங்கள். அந்தக் குன்றுகள்தான் மலையின் துண்டுகள். மண் சரிந்து குன்றின் உட்புறம் தெரியும் இடத்தில் நின்று பார்த்தால், சாம்பல் நிறக் கல் ஓரிடத்தில், செம்பழுப்புக் கல் ஓரிடத்தில் எனத் தனித்தனித் திட்டாக இருக்கும். அத்தனை வேகத்தில் வந்தும் எல்லாம் கலந்து கூழாகிவிடவில்லை. ஒரு பாறையை நெருங்கிப் பார்த்தால் உடல் முழுக்க விரிசல், ஆனாலும் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தியபடி அதே இடத்தில் நிற்கும். விரலால் தள்ளினால் உதிரும். ஆற்று வெள்ளம் கொண்டுவந்த கல்லாக இருந்தால் உருண்டு மழுங்கியிருக்கும். பெரியது, சிறியது என்று பிரிந்தும் படிந்திருக்கும். இங்கே விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன, பெரும்பாறையும் பொடியும் அருகருகே கிடக்கின்றன. வந்தது வெள்ளமா சரிவா என்று கல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். எரிமலையியலின் பெரும்பகுதி இந்த வேலைதான். நடந்து முடிந்ததை, அது விட்டுப்போனதை வைத்துக் கண்டுபிடிப்பது. பாடப்புத்தகத்தின் குறுக்குவெட்டுப் படம் விடையை மட்டும் தருகிறது. விடைக்கு எப்படி வந்தார்கள் என்பது களத்தில்தான் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சாய்ந்த மரங்களும் அப்படித்தான். எந்தத் திசையில் விழுந்து கிடக்கின்றன என்று திசைகாட்டி வைத்து அளந்து, வரைபடத்தில் அம்புக்குறிகளாகப் போட்டால், வெடிப்பு எந்த மேட்டில் மோதி எங்கே திரும்பியது என்பது கண்முன் வரும். சாம்பல் அடுக்கின் தடிமனைப் பல இடங்களில் அளந்தால் அன்றைய காற்றின் திசை தெரியும்.

அப்புறம் பியூமிஸ். நம்மூர்க் கடைகளில் குதிகால் தேய்க்க வாங்குகிறோமே, அதே கல்வகைதான். உருப்பெருக்கியில் பார்த்தால் கல்லை விட ஓட்டைதான் அதிகம். பிரிந்துகொண்டிருந்த வாயுக் குமிழிகள் அப்படியே உறைந்த நிலை அது. ஹவாய்த் தீவின் கற்குழம்பில், குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா சுமார் 50 சதவீதம்தான். அது இளக்கமாக இருப்பதால் வாயு எளிதில் தப்பிவிடும், லாவா ஆறாக ஓடும். செயின்ட் ஹெலன்ஸில் 1980இல் வந்தது 60 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா கொண்ட, கெட்டியான குழம்பு. வாயு தப்ப முடியாமல் சிக்கிக்கொண்டதால்தான் வெடித்தது. கண்காட்சி எரிமலையில் விடுபடுவது இந்தக் கெட்டித்தன்மைதான்.

இந்தப் பயிற்சி உயிர் காக்கும் விஷயமும்கூட. அதே மாநிலத்தில் ரெய்னியர் என்ற பனி மூடிய எரிமலை இருக்கிறது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் அதன் ஒரு பக்கம் சரிந்து, சேற்றுவெள்ளமாகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. இன்று அந்தப் படிவின் மேல்தான் ஆர்டிங் என்ற ஊர் இருக்கிறது. வீடு கட்டத் தோண்டியபோது, வெள்ளம் புதைத்த பழைய காட்டின் அடிமரங்கள் நின்ற நிலையிலேயே கிடைத்திருக்கின்றன. 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையிலிருந்து வந்த சேற்றுவெள்ளத்தில் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். அந்த வெள்ளம் ஆர்மெரோ நகரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேட்டுக்கு நடந்து போகப் போதுமான நேரம் அது.

ஆர்டிங் பள்ளிகளில் இதற்கென்றே ஒத்திகை நடக்கிறது. எச்சரிக்கை வந்தால் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே மேட்டுக்குப் போக வேண்டும், வரிசையை வழிநடத்துவது ஆசிரியர்கள்தான். ரெய்னியரை மையமாக வைத்து ஆசிரியர்களுக்கென எழுதப்பட்ட கையேட்டில் ஜாடியில் சேற்றுவெள்ளம் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மண்ணைக் கூட்டக் கூட்ட, தெளிந்த நீரில் சட்டென்று அடியில் தங்கிய கூழாங்கல் சேற்றில் மிதந்து நகர ஆரம்பிக்கும். ஆர்டிங்கில் அதைச் செய்து பார்க்கும் பிள்ளை, பள்ளி மைதானத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்கிறது.