சைலன்சர் தழும்பும் மொட்டைமாடி பாய்லரும்

என் வலது கெண்டைக்காலில் எட்டணா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கல்லூரியில் படித்தபோது நண்பனின் பைக்கிலிருந்து வடபழனி சிக்னல் பக்கம் அவசரமாக இறங்கியதில் சைலன்சர் போட்ட சூடு. அம்மா டூத்பேஸ்ட் தடவினார். (தடவக் கூடாது, குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், அது வேறு விஷயம்.) இப்படி ஒரு தழும்பு இல்லாத குடும்பம் சென்னையில் குறைவு. எனர்ஜி ஆடிட் வேலைக்கு (எரிபொருளும் கரண்டும் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்க்கிற வேலை) வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அன்றைக்கு என் காலைச் சுட்டது நண்பன் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோல். அதில் வண்டியை நகர்த்தாமல் வெளியே போன பங்கு.

அந்தப் பங்கு சின்னதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நம் வீட்டு ஈபி மீட்டர் காட்டுகிற அதே யூனிட்தான். ஊருக்குள் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற ஸ்கூட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் ஆகிறது. அதே தூரத்தை மின்சார ஸ்கூட்டர் மூன்று, மூன்றரை யூனிட்டில் ஓடிவிடுகிறது, சார்ஜரில் போகிற நஷ்டத்தையும் சேர்த்து. ரோடு அதே, ஆள் அதே, வண்டியின் எடையும் ஏறக்குறைய அதே. மிச்சம் 16 யூனிட் எங்கே போனது? சைலன்சரில் போனது, இன்ஜினைச் சுற்றிச் சூட்டை வெளியே விடுகிற தகடுகளில் (ஃபின்கள்) போனது, மத்திய கைலாஷ் சிக்னலில் சும்மா உறுமிக்கொண்டு நின்றதில் போனது. என்னைக் கேட்டால் பெட்ரோல் இன்ஜின் ஒரு அடுப்பு. கூடவே கொஞ்சம் சக்கரமும் சுற்றிக் கொடுக்கும். மோட்டாருக்குள் போகிற கரண்டில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு வேலையாகிவிடும். பிரேக் பிடித்தால் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பியும் வரும்.

இவ்வளவும் இன்றைக்குப் பலருக்குத் தெரியும். இதன் மறுபக்கம்தான் தெரிவதில்லை. டீசலை, கேஸை விட்டு மின்சாரத்துக்கு மாறலாமா என்று பேச்செடுத்தால் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது இதுதான்: "இப்ப இவ்வளவு எரிக்கிறோம், அவ்வளவு கரண்ட் வேணுமே, யாரு சார் குடுப்பா?" அந்தக் கணக்கு தப்பு. எரிக்கிற அளவுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. எரித்ததில் எவ்வளவு பயன்பட்டதோ அவ்வளவு இருந்தால் போதும், சில இடங்களில் அதைவிடக் குறைவாகவே போதும். கடைசியில் சொன்னது ஏமாற்று வேலை மாதிரித் தெரியும். அதற்கு ஒரு லாட்ஜ் கதையைச் சொல்ல வேண்டும்.

எழும்பூரில், ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். அறுபது அறை, ஆறு மாடி, மொட்டைமாடியில் ஒரு டீசல் பாய்லர். நான் போனது மே மாதம், காலை பத்தரை மணி. குளிக்கிற கூட்டம் முடிந்துவிட்டது, அறைகளில் பாதி காலி. ஆனால் பர்னர் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் 'பொஃப்' என்று பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. சுடுதண்ணீரை யாரும் திறக்கவில்லையே, எதற்கு எரிகிறது? குழாயோடு கூடவே நடந்தேன். மேலிருந்து தரைவரை இறங்கி மறுபடி பாய்லருக்கே வந்து சேரும் ஒரு வளையம். குழாயைத் திறந்த உடனே சூடாக வர வேண்டும் என்பதற்காக ஒரு பம்பு அதை இருபத்துநாலு மணி நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சூடு வெளியே போகாமல் இருக்கக் குழாய்மேல் என்றைக்கோ சுற்றிய உறை (லேகிங்) வெயிலில் பொடிந்து உதிர்ந்து, பல இடங்களில் இரும்பு வெறுமனே தெரிந்தது. ஓரிடத்தில் அந்தக் குழாய் மேலேயே ஒரு துண்டு விரித்திருந்தது. ஆபரேட்டர் அண்ணனுடையது. "சூப்பரா காயும் சார், பத்து நிமிஷம் போதும்" என்றார். புகைபோக்கியில் சென்சாரை விட்டேன். 260 டிகிரி.

லாக்புக்கில் நாளுக்குச் சராசரி 32 லிட்டர் டீசல் என்று இருந்தது. லிட்டருக்கு 10 யூனிட் வைத்தால் 320 யூனிட். அப்புறம் சுடுதண்ணீர் லைனில் மீட்டர் வைத்து ஒரு வாரம் பார்த்தோம்: நாளுக்கு 5,000 லிட்டர். மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் ஏற்கெனவே 30 டிகிரி சுற்றித்தான் இருக்கிறது; சென்னையில் அது குளிர்வது மார்கழியில், அதுவும் பேருக்கு. 55 டிகிரிக்குக் கொண்டுபோக 25 டிகிரி ஏற்றினால் போதும். அதற்கு வேண்டிய சூடு 145 யூனிட். ஆக வாங்கியது 320, குளித்தது 145. பாக்கி துண்டு காயவைத்தது.

மானேஜர் அறுபதைத் தாண்டியவர், கணக்கில் புலி. பாய்லரின் பெயர்ப்பலகையைக் காட்டினார். மணிக்கு ஒரு லட்சம் கிலோகேலரி. "கிலோவாட்டா மாத்தினா 116 வருது சார். ஈபி ஆபீஸ்ல போய் இன்னொரு 116 கிலோவாட் லோடு கேட்டா, ஹெச்.டி.க்கு (உயர் அழுத்த இணைப்பு) மாறு, டிரான்ஸ்பார்மர் வையின்னு நிப்பாங்க. இடம் எங்க இருக்கு?" வகுத்தல் பெருக்கலில் பிழையே இல்லை. ஆனால் பர்னர் நாளெல்லாம் முழு வேகத்தில் எரிவதில்லை, எரிகிறபோதும் பாதிக்கு மேல் தண்ணீருக்குப் போவதில்லை. அந்த இரண்டும் அவர் கணக்கில் இல்லை.

கடைசியில் வைத்தது தலா 4 கிலோவாட் இழுக்கிற இரண்டு ஹீட் பம்ப். கூடவே இன்சுலேஷன் போட்ட 5,000 லிட்டர் டேங்க் ஒன்று, குழாய் முழுக்கப் புது லேகிங், சுற்றுகிற பம்புக்கு ஒரு டைமர். கூடுதல் லோடு 116 கேட்பதற்குப் பதில் 8.

ஏசியின் வெளிப்பெட்டி முன்னால் ஒரு நிமிடம் நின்றவர்களுக்கு ஹீட் பம்பைப் பெரிதாக விளக்க வேண்டாம். ஏசி அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளித் தெருவில் கொட்டுகிறது. இது தெருக்காற்றில் இருக்கிற சூட்டை அள்ளித் தண்ணீரில் கொட்டுகிறது. சூடு காற்றில் சும்மா கிடைப்பது. கரண்டுக்கு நாம் கொடுப்பது சுமைகூலி. அதனால்தான் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு தண்ணீரில் இறங்குகிறது. வெளிக்காற்று உறையும் ஊர்களில் இந்த விகிதம் சரிந்துவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. அக்னி நட்சத்திரத்தால் ஒரு பில் குறைந்தது என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ரிப்போர்ட்டில் எழுதினேன்.

இப்போது அங்கே நாளுக்கு 50 யூனிட் சுற்றி ஆகிறது. 320 போய் 50. இரண்டு மெஷினும் பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை ஓடுகின்றன. காற்று நன்றாகச் சூடேறிய நேரம், கிரிட்டில் சூரியமின்சாரம் தாராளமாக இருக்கும் நேரம். மறுநாள் காலைக் குளியலுக்கு டேங்கில் தண்ணீர் தயார். சூட்டை எடுத்துக்கொண்ட காற்று குளிர்ந்து வெளியே வரும் அல்லவா, அதை ஒரு தகர டக்ட் அடித்து அதே மாடியில் இருந்த இஸ்திரி அறைக்குத் திருப்பினோம். லாட்ஜில் எல்லோருக்கும் இந்தத் திட்டத்தில் பிடித்த பகுதி அதுதான். சாப்பாட்டு வேளையில் ரூம்பாய்கள் எல்லோரும் இஸ்திரிக்காரர் பக்கத்தில்தான்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். மூன்றாவது மாதமே ஒரு மெஷின் மந்தமானது. திறந்து பார்த்தால் போர் தண்ணீரின் உப்பு உள்ளே வெள்ளைவெள்ளையாகப் படிந்திருந்தது. விற்றவர் தண்ணீரின் உப்பைக் குறைக்கிற சாஃப்ட்னர் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் ரிப்போர்ட்டில் இன்னும் அழுத்தமாக எழுதியிருக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றுக்குக் காயில் ஃபின்கள் சீக்கிரம் அரித்துவிடும். கோட்டிங் போட்ட காயில் கேட்டு வாங்குங்கள். ஏசி வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும்.

சரி, கரண்ட் எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் யாராவது அத்திப்பட்டுப் பக்கம் கை காட்டுவார்கள். நியாயமான கேள்விதான். வட சென்னை அனல்மின் நிலையத்திலும் நடப்பது சைலன்சர் கதையே. மூன்று பங்கு நிலக்கரியை எரித்தால் ஒரு பங்குதான் மின்சாரம். மீதி புகையோடும் குளிரூட்டும் தண்ணீரோடும் போகிறது. வழியில் கம்பிகளிலும் கொஞ்சம் போகும். ஆக, முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும் வீட்டில் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் நிலக்கரி. ஸ்கூட்டரின் மூன்றரை யூனிட் அப்போது 11 ஆகிறது. பெட்ரோல் ஸ்கூட்டர் 20, அதுவும் மணலி சுத்திகரிப்பு ஆலையில் செலவாவதைச் சேர்க்காமல். லாட்ஜின் 50 யூனிட்டுக்கு 160, டீசலுக்கு 320. மோசமான நிலையிலும் கிட்டத்தட்டப் பாதி மிச்சம். நிஜத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றும், கமுதியில் சூரியமின் தகடுகள்மேல் வெயில் அடிக்கும். அங்கெல்லாம் எதையும் எரிப்பதில்லை. இன்று வாங்குகிற டீசல் பாய்லர் பதினைந்து வருடம் கழித்தும் டீசலைத்தான் குடிக்கும். ஹீட் பம்புக்குப் பின்னால் இருக்கிற கரண்ட் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே போகும்.

அதற்காக மின்சாரம் என்று பெயர் வைத்ததெல்லாம் மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. டீசல் பாய்லரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஹீட்டர் காயில் வைத்துவிட்டு, பசுமைக்கு மாறிவிட்டோம் என்று போர்டு மாட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். காயிலில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் வரும். அது நிலக்கரிக் கரண்ட் என்றால் நல்ல கேஸ் கெய்சரே அதைவிடச் சிக்கனம். மோட்டார், ஹீட் பம்ப் இரண்டிலும் கண்ணை மூடிக்கொண்டு மாறலாம். வெறும் காயில் என்றால் கண்ணைத் திறந்து கணக்குப் பாருங்கள். இன்னொரு கூத்து, அபார்ட்மென்ட் ஜெனரேட்டரில் காருக்குச் சார்ஜ் போடுவது. ஒரு லிட்டர் டீசலின் பத்து யூனிட்டில் ஜெனரேட்டர் கொடுப்பது மூன்று, மூன்றரை. கரண்ட் வரட்டும், காத்திருங்கள்.

வீட்டு அடுப்பு விஷயத்தில் நான் அவ்வளவு அடித்துப் பேசுவதில்லை. கேஸ் ஸ்டவ் பரிசோதனைக்கூடத்தில் 68 சதவீதத்துக்கு மேல் காட்டும். வீட்டில் சின்னப் பாத்திரமும் பெரிய ஜுவாலையுமாக அது பாதிக்கு வந்துவிடும். இண்டக்‌ஷன் 85 சுற்றி. நிலக்கரிக் கணக்கைப் போட்டால், சூரியமின்சாரம் இல்லாத இரவு நேரத்தில் கேஸே ஜெயிக்கலாம். ஆனால் பாத்திரத்தின் ஓரமாக ஏறுகிற அந்த ஜுவாலை அடுக்களைக்குள்தான் நிற்கிறது. அதை நெற்றியில் வாங்கிக்கொள்கிறவர்களும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். பகல் சமையலுக்கு இண்டக்‌ஷன் வையுங்கள், சிலிண்டரை விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில், பள்ளிக்கரணையில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களிடம் போய் நான் வேறு எதையும் சொல்ல முடியாது.

வீட்டில் இன்னொரு புகார் வரும்: "வண்டி வாங்கினதிலேர்ந்து ஈபி பில் எகிறிடுச்சு." மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 70 யூனிட் கூடும். ஏற்கெனவே 450-ல் இருக்கிற வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால், 500-க்குள் இருந்தவரை கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் பறிபோகும். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அதே இரண்டு மாதத்தில் போடாமல் விட்ட பெட்ரோல் 44 லிட்டர். அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதே கிடையாது. 1895-லேயே மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியது. பீச்–தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்ரயில். டிராமை 1953-ல் நிறுத்தினோம், அப்புறம் எழுபது வருடம் டீசல் பஸ்ஸின் புகையில் நின்றோம். 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோது, என் தாத்தா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். டிராம் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுகிறவர் அவர்.

லாட்ஜின் பழைய பாய்லரைப் புதுப்பேட்டை ஆள் ஒருவர் வந்து வெட்டி எடுத்துப்போனார். ஆபரேட்டர் அண்ணனை இப்போது பிளம்பிங்கும் டேங்கும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். துண்டு கொடியில் தொங்குகிறது, புது லேகிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே சார், உள்ளே சுடுதண்ணி போகுதா இல்லையா?" என்றார். மானேஜர் அடுத்து கிச்சனைக் காட்டினார். டீ பாய்லரையும் இட்லி ஸ்டீமரையும் மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன். தோசைக்கல்லைத் தொட வேண்டாம் என்று மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சரி மாஸ்டர் என்று வந்துவிட்டேன்.