இருக்கவே முடியாது என்ற படிகம்

1982 ஏப்ரல் 8. இஸ்ரேல் விஞ்ஞானி டான் ஷெக்ட்மேன் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுமினியத்தையும் மாங்கனீசையும் சேர்த்து உருக்கிச் சட்டென்று குளிரவைத்த கலவையில் எலக்ட்ரான்கள் சிதறி, வட்டத்துக்குப் பத்துப் புள்ளிகளாக விழுந்தன.

புள்ளிகள் கூர்மையாக இருந்தால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன என்று பொருள். ஆனால் பத்து என்ற எண்தான் சிக்கல். சதுர ஓடுகளையோ அறுகோண ஓடுகளையோ தரையில் சந்தில்லாமல் பதிக்கலாம். ஒழுங்கான ஐங்கோண ஓடுகளைப் பதிக்க முடியாது. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதுதான் படிகம் என்பது அன்றைய பாடம். அந்தக் கணக்குப்படி ஐந்து, பத்துச் சமச்சீருக்கு, அதாவது ஒரு சுற்றில் ஐந்தில் அல்லது பத்தில் ஒரு பங்கு திருப்பினாலும் அதேபோல் தெரியும் அமைப்புக்கு, அங்கே இடமே இல்லை. ஷெக்ட்மேன் கண்டதற்குப் பின்னர் குவாசிப் படிகம் என்று பெயர் வந்தது.

அப்படி ஒரு படிகம் இருக்க முடியாது என்று எதிர்த்தவர்களில் பெரியவர் வேதியியலாளர் லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு பெற்றவர். சாதாரணப் படிகங்கள் பல ஒட்டி வளர்ந்து இப்படிப் போலித் தோற்றம் தருகின்றன என்றார். இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஒட்டுப் படிகங்கள் அப்படி ஏமாற்றுவது உண்டு; ஷெக்ட்மேனே முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான். நல்லவேளையாக, அது சோதித்துப் பார்க்கக்கூடிய சந்தேகம். எலக்ட்ரான் கற்றையை மிகச் சிறிய இடத்தில் பாய்ச்சினால், அங்கே ஒரே ஒரு சாதாரணப் படிகத்தின் வடிவம் தெரிய வேண்டும். தெரியவில்லை.

1984 நவம்பரில் கட்டுரை வெளியானது. மற்ற ஆய்வகங்கள் அதே முறையில் கலவை செய்தன. அதே புள்ளிகள் வந்தன. ஒரே அமைப்பு திரும்ப வராமலும் ஒழுங்கு இருக்க முடியும் என்று இயற்பியலாளர்கள் லெவினும் ஸ்டைன்ஹார்ட்டும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அப்படியும் படிகவியலாளர்கள் பலர் அசையவில்லை. அவர்கள் நம்பியது எக்ஸ்ரேயை. அதற்கு இந்தத் துணுக்குகள் மிகச் சிறியவை. 1987 வாக்கில் பெரிய துண்டுகளை வளர்க்க முடிந்து, எக்ஸ்ரேயிலும் அதே சமச்சீர் தெரிந்தபோதுதான் நிலைமை மாறியது. என்னைப் பொறுத்தவரை, ஷெக்ட்மேனின் உறுதிக்கு நிகரான பங்கு இதற்கும் உண்டு: சந்தேகப்பட்டவர்கள் தங்கள் கருவியிலேயே பார்த்தார்கள்.

இதற்கு நேர்மாறாக முடிந்த கதையும் உண்டு. 1989-இல் அமெரிக்காவின் யூட்டாவில் வேதியியலாளர்கள் ஃபிளைஷ்மனும் பான்ஸும், சூரியனுக்குள் கடும் வெப்பத்தில் நடக்கும் அணுக்கரு இணைவு அறை வெப்பத்திலேயே நடந்ததாக அறிவித்தார்கள். அதுவும் பாடநூலுக்கு எதிரான கூற்றுதான். உலகெங்கும் ஆய்வகங்கள் ஆவலோடு முயன்றன; நம்பத்தகுந்தபடி யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. சில மாதங்களிலேயே பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள்.

பாலிங் 1994-இல் இறக்கும்வரை குவாசிப் படிகத்தை ஏற்கவில்லை. அதற்குள் சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் 1992-இல் வரையறையையே மாற்றியிருந்தது: அமைப்பு திரும்ப வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சிதறலில் கூர்மையான புள்ளிகள் கிடைத்தால் அது படிகம். ஷெக்ட்மேனுக்கு வேதியியல் நோபல் 2011-இல் கிடைத்தது.