‘கேட்ச்’ புரியாத பிள்ளையும் தமிழ்ச் சோதனையும்

“டிட் யூ கேட்ச் வாட் ஐ செட்?” (நான் சொன்னது புரிந்ததா?) என்று டீச்சர் கேட்டால், தன் கையைப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. பெங்களூரில் அல்சூர், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் சிலர் பள்ளி டைரியோடு என்னிடம் வருவார்கள். ‘கவனமில்லை’, ‘திமிர்’ என்று எழுதியிருக்கும். பேச்சு, மொழிப் பயிற்சி தருபவள் என்ற முறையில், அந்த வரியை நான் உடனே நம்புவதில்லை.

பந்தைப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். விட்டுப்போன பாடத்தை எட்டிப் பிடிப்பதற்கும், நின்று மூச்சு வாங்குவதற்கும் ஆங்கிலத்தில் அதே ‘கேட்ச்’தான். ஜலதோஷத்தைக்கூட ஆங்கிலக்காரர்கள்தான் பிடிக்கிறார்கள். நம்மையோ சளி வந்து பிடிக்கிறது!

சின்ன வயதில் எல்லாவற்றையும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது சகஜம். மறைபொருள் பள்ளிப் பருவம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபடும். ஒன்பது, பத்து வயதிலும் அப்படியே இருந்தால் கவனிக்க வேண்டும். பெங்களூரில் அங்கேதான் சிக்கல். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். அந்த ஆங்கிலத் தொடரைப் பிள்ளை அதுவரை கேட்டிருக்கவே மாட்டான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து முடிவு கட்டுவது தப்பு.

அதனால் நான் தமிழில் ‘பிடி’யை எடுப்பேன். “ரசம் பிடிக்கும்” உதவாது; அது எல்லாப் பிள்ளைக்கும் பழகிப்போனது. ஒரு குட்டிக் கதை சொல்லி, நடுவில் “மாமா மேனேஜரைக் காக்கா பிடிக்கிறார்” என்பேன். மாமா என்ன செய்கிறார் என்று கேட்பேன். கதையை வைத்து ஊகித்துவிட்டால், அநேகமாக அவனுக்கு ஆங்கிலப் பழக்கம்தான் குறைவு. தமிழிலும் காக்காயையே தேடுகிறான், கேலி புரியவில்லை, மற்ற பிள்ளைகளோடு பேச்சு ஓடவில்லை என்றால் முறையான மதிப்பீடு தேவை. ஆட்டிசம் இருக்கலாம், மொழி வளர்ச்சிக் குறைபாடாகவும் இருக்கலாம். நேர்ப்பொருள் பழக்கத்தை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், விடுங்கள்.

அப்புறம், “வீட்டில் தமிழை நிறுத்துங்கள்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் ஆட்டிசமும் வராது, மொழிக் குறைபாடும் வராது. டீச்சரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: “புரிந்ததா?” என்பதற்குப் பதில், “நான் சொன்னதை நீ சொல்லு” என்று கேட்கட்டும்.

மதிப்பீட்டுக்கு பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது. ஆட்டிசம் உறுதியானால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் வாங்கலாம். போகும்போது பிள்ளை வீட்டில் தமிழில் பேசும் வீடியோ ஒன்றைக் கொண்டுபோங்கள்.