அறிவுத்திறன் குறைபாடு: ‘மனநலம் குன்றியவர்’ என்று எழுதாதீர்கள்

‘மனநலம் குன்றியோருக்கான மனநலச் சிகிச்சை.’ இப்படி ஒரு தலைப்பை மறுபடியும் படிக்க நேர்ந்தது. மனநலம் குன்றியவருக்கு வேறு எந்தச் சிகிச்சையைத் தருவார்கள்? உள்ளே போனால் விஷயமே வேறு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மனச்சோர்வோ பதற்றமோ வந்தால் எப்படிக் கவனிப்பது என்று அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். தலைப்பு அதைக் கெடுத்துவிட்டது.

சொல்லின் வரலாறு சிறியது. இலத்தீனில் ‘மென்ஸ்’ என்றால் உள்ளம், புத்தி இரண்டும். ‘ரிடார்டேர்’ என்றால் தாமதப்படுத்துதல். இரண்டும் சேர்ந்து ‘மென்டல் ரிடார்டேஷன்’ ஆனது. தமிழில் ‘மனவளர்ச்சி குன்றுதல்’ ஆனது. அந்த ஆங்கிலச் சொல் வசையாகிப்போனதால், 2010-ல் அமெரிக்கா ரோசா சட்டத்தின் மூலம் பல கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அதை நீக்கி, ‘இன்டலெக்சுவல் டிசெபிலிட்டி’ என்று வைத்தது.

அன்று ‘மனம்’ என்று பெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘ஆறறி வதுவே அவற்றொடு மனனே’ என்று தொல்காப்பியமே ஆறாம் அறிவாக மனத்தைத்தான் வைக்கிறது. ஆனால் மனம் நொந்தான், மனம்விட்டுப் பேசினாள் என்று வழங்கும் இன்றைய தமிழில் மனம் பெரும்பாலும் உணர்ச்சியின் இடம். போதாக்குறைக்கு ‘வளர்ச்சி’ நழுவி ‘நலம்’ வந்து ஒட்டிக்கொண்டது. இது முழுப் பிழை. அறிவுத்திறன் குறைபாடு கற்பதிலும் யோசிப்பதிலும் அன்றாடக் காரியங்களிலும் இளம் பருவத்திலேயே தென்படுவது. மனநோய் எந்த வயதிலும் வரும், சிகிச்சையில் தணியும். முன்னது உள்ளவருக்குப் பின்னதும் வரலாம். மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பின்னது கண்ணுக்கே தெரியாது. குறைபாடு உள்ள ஒருவர், முன்பு விரும்பிச் சாப்பிட்டவர், தட்டைத் தள்ளுகிறார், இரவில் தூங்காமல் உலாத்துகிறார், கன்னத்தில் அறைந்துகொள்கிறார். ‘அவர் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். சொத்தைப் பல்லாக இருக்கலாம். தாய் இறந்த துக்கமாக இருக்கலாம். எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கில் எழுதும் இந்தத் தவறுக்கு உளவியலாளர் ஸ்டீவன் ரெய்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1982-லேயே ‘டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்’ என்று பெயர் சூட்டினார்கள்.

சரி, ‘அறிவுசார் குறைபாடு’ என்று எழுதலாமே என்பார்கள். பலரும் எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ‘அறிவுசார் சொத்துரிமை’யில் உள்ள அதே ‘சார்’ இது. அறிவோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என்று மட்டும் சொல்லி நழுவும். ஆங்கிலப் பெயரடையைக் கண்டதும் ‘சார்’ போடுவது மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம்: உளம்சார், உடல்சார், சமூகம்சார். அறிவு என்பது நமக்கு விவேகமும்தான். ‘அறிவற்றங் காக்குங் கருவி’ என்ற குறள் பேசுவது அதைத்தான். எந்தத் தேர்வும் அதை அளப்பதில்லை. குறைவது ஒரு திறன், ஆகவே ‘அறிவுத்திறன்’. ‘சிறப்புக் குழந்தை’ என்பதையும் விட்டுவிடுங்கள். நாற்பது வயதுக்காரரைக் குழந்தை என்று அழைத்தால், அவருடைய காதலும் கோபமும் துக்கமும் யாருக்குப் புலப்படும்?

அறிவுத்திறன் குறைபாடும் மனநோயும் சேர்ந்திருப்பதை ‘இரட்டை நோய்’ என்று பெயர்ப்பவர்களும் உண்டு. குறைபாடு நோயே இல்லை. ‘அறிவுத்திறன் குறைபாட்டுடன் மனநோய்’ என்று எழுதுங்கள். ஒரு சொல் கூடுவதால் நட்டமில்லை.