நேச்சுரலைசேஷன்: சொல்லும் பொருளும்

அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றுப் பொதுவாக ஐந்து ஆண்டுகளும், அந்நாட்டுக் குடிமகன் ஒருவரை மணந்து வாழ்பவராயின் மூன்று ஆண்டுகளும் நிறைவு செய்த வெளிநாட்டவர், விண்ணப்பம், நேர்காணல், உறுதிமொழி ஆகியவற்றைக் கடந்து குடிமக்களாவதைச் சட்டம் 'நேச்சுரலைசேஷன்' என்கிறது. பேச்சில் நம்மவர்கள் 'சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ' என்று முடித்துக்கொள்வதால், இச்சொல் பலருக்கு எதிர்ப்படுவதே அலுவலகக் கடிதத்தில்தான். கணினி மொழிபெயர்ப்பு இதனைச் சில வேளை 'இயற்கைமயமாக்கல்' என்று தருகிறது. காடு வளர்ப்புத் திட்டம் என்று படிப்பவர் நினைத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

'பிறத்தல்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து 'நாத்தூரா' தோன்றியது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேற்று மண்ணில் பிறந்தவரை இம்மண்ணில் பிறந்தவராகவே கருதுதல் என்பதே இதன் உட்பொருள். அப்படி யாரைக் கருதலாம் என்பதில் அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் கஞ்சத்தனம் காட்டியது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமான வெள்ளையர்க்கு மட்டுமே இவ்வழியைத் திறந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், இந்தியர் என்பதால் தகுதியற்றவர் என்று 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்க்கு அந்தத் தடை 1946இல்தான் நீங்கியது.

நேர்காணலில் விண்ணப்பதாரர் வலக்கையை உயர்த்தி உண்மையே உரைப்பதாக உறுதி கூறிய பின்னரே கேள்விகள் தொடங்கும். ஆங்கிலத்தில் ஒரு வரி படிக்கவும் ஒரு வரி எழுதவும் வேண்டும். குடிமையியல் தேர்வில், 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தோர் 128 வினாக்கள் கொண்ட பட்டியலிலிருந்து கேட்கப்படும் 20 வினாக்களில் 12க்குச் சரியாக விடை கூற வேண்டும். அதற்கு முந்தையோருக்கு 100, 10, 6 என்பதே கணக்கு. ஆனால் பலரைத் தடுமாற வைப்பது இத்தேர்வன்று. குடியுரிமை கோரும் என்-400 விண்ணப்பத்தில் 'எப்போதாவது இதைச் செய்ததுண்டா' என்று அடுக்கிவரும் கேள்விகளே. 'இல்லை, இல்லை' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும்போது, அதிகாரி சட்டென்று நிறுத்தி, இப்போது கேட்ட சொல்லுக்கு என்ன பொருள் என்று வினவக்கூடும். 50 வயது கடந்து 20 ஆண்டுகளோ, 55 வயது கடந்து 15 ஆண்டுகளோ நிரந்தர வசிப்புரிமையுடன் வாழ்ந்தவர்க்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிலேயே விடை கூறலாம். ஆகவே, தெளிவான தமிழ்ச்சொல் அகராதிக்கு மட்டும் வேண்டிய ஒன்றன்று.

நேச்சுரலைசேஷனுக்கு 'இயல்புரிமை' என்ற ஆக்கத்தை ஏற்கத் தயக்கமாக உள்ளது. அமெரிக்க அதிபராவதற்குப் பிறப்பாலேயே குடிமகனாக இருத்தல் வேண்டும். பின்னர்க் குடிமகனானவர் அப்பதவிக்கு வர இயலாது. இயல்பாக உரிமை வாய்த்தவர் முன்னவரே என்னும்போது, அப்பெயரைப் பின்னவர்க்குச் சூட்டுவது பொருளைத் தலைகீழாக்கும்.

இலங்கைத் தமிழில் வழங்கும் 'பிரஜாவுரிமை' வேறொரு நினைவைச் சுமக்கிறது. 'பிரஜா' என்பதும் பிறத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்ததே. லத்தீன் வேருக்கு அது உறவும்கூட. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மூதாதையர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டதனால், மலையகத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

'குடி' அத்தகையதன்று. குடில், குடியிருப்பு, குடிபுகுதல் என அது உறைவிடத்தைச் சார்ந்து நிற்கிறது. அரசனுக்குரிய ஆறு உறுப்புகளைத் திருக்குறள் எண்ணும்போது படையை அடுத்து வரும் 'குடி' நாட்டு மக்களையே சுட்டுகிறது. குலம் என்னும் பொருளும் அதற்கு உண்டு எனினும், வந்து தங்கியவரை வெளியே நிறுத்தாத சொல் அது. எனவே நேச்சுரலைசேஷனைக் 'குடியுரிமைப் பேறு' எனலாம். பேறு என்பது அடைதலையும் மகப்பேற்றையும் ஒருங்கே குறிப்பதால், லத்தீன் மூலத்தின் சாயலும் தானே வந்து சேர்கிறது. உறுதிமொழி ஏற்பின்போது தரப்படும் ஆவணம் 'குடியுரிமைப் பேற்றுச் சான்றிதழ்' ஆகும். மோசடியால் பெற்றதென நீதிமன்றத்தில் நிறுவி அவ்வுரிமையை அரசு திரும்பப் பெறுவதைக் 'குடியுரிமைப் பேறு நீக்கம்' எனலாம்.